மூன்றேகால் மணி மோட்டார்

2024 நவம்பர் 24, ஞாயிறு

இன்று முதல் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். நாலு மாதம் கழித்து யாராவது "உனக்குப் பிரமை" என்று சொன்னால் எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது.

அப்பா போய் இன்றோடு 71 நாள். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற வழியில் எங்கள் தோட்டம். 4 ஏக்கர், சுமார் 280 தென்னை, நடுவில் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு. அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். தம்பிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சனிக்கிழமை சாயந்திரம் வந்து திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவான். நான் கோவையில் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறேன்.

பத்து நாளாக அம்மாவிடமிருந்து போனில் ஒரே பேச்சு. "உங்கப்பா ராத்திரி வந்து மோட்டார் போடறாரு கண்ணு." நாற்பத்தைந்து வருடம் கூட இருந்தவர் போனால் மனம் அப்படித்தான் சொல்லும் என்று நினைத்தேன். நேற்று மகனையும் கூட்டிக்கொண்டு வந்து தங்கினேன்.

ராத்திரி 3 மணி 5 நிமிடத்துக்கு நாய் எழுந்தது. குரைக்கவில்லை. கிணற்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு வாலை மட்டும் ஆட்டியது. அப்பா வரும்போது அப்படித்தான் ஆட்டும். சரியாக 3:15க்கு மோட்டார் ஓட ஆரம்பித்தது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். மோட்டார் ரூம் பூட்டு அப்படியே தொங்கியது. சாவி அம்மாவின் இடுப்பில். கதவின் மேல் இடுக்கு வழியாக உள்ளே சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தது. திறந்து பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். உள்ளே அப்பாவின் பழைய செருப்பு, மண்வெட்டி, பீடிக்கட்டு. வேறு ஒன்றும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் முதல் பாத்திவரை போயிருந்தது.

அப்பா இருபது வருடமாக 3:15க்குத்தான் எழுவார். அந்தக் காலத்தில் மும்முனை மின்சாரம் எங்களுக்கு அந்த நேரத்தில்தான் வரும். அப்புறம் நேரமெல்லாம் மாறியது, அவர் பழக்கம் மாறவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து, ஏன் என்று தெரியாமல், அப்பா நம்பருக்குப் போன் அடித்தேன். மணி அடித்தது. நாலு தடவை அடித்து, யாரோ துண்டித்தார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். "பீரோவுல இருக்குது சாமி, சார்ஜ் இல்லாம" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நவம்பர் 25, திங்கள்

அம்மா சேர்ந்திருக்கும் சபையைப் பற்றி எழுத வேண்டும். அவர்கள் நல்லது செய்ததையும் சேர்த்துத்தான்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் கூப்பிடாமலே வந்தார்கள். ஏழெட்டுப் பேர், வெள்ளை உடுப்பு. பாத்திரம் கழுவினார்கள், பந்தி பரிமாறினார்கள், ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார்கள். இவர்கள் தினமும் சாயந்திரம் வந்து அம்மாவோடு உட்கார்ந்தார்கள். அம்மா சாப்பிட ஆரம்பித்ததே அவர்களால்தான். நான் அன்றைக்கு மனதார நன்றி சொன்னேன்.

அவர்களுக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். இறந்தவர்களோடு பேசுவாராம். சேருகிறவர்கள் முதல் வாரம் ஒரு நோட்டில் தங்கள் வாழ்க்கை முழுவதையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். செய்த தப்பு, சொல்லாத ரகசியம், வீட்டுப் பழக்கவழக்கம், எல்லாம். மனபாரம் இறங்குமாம். அம்மா 41 பக்கம் எழுதினாளாம். ஐந்தாவது வரை படித்தவள். அவள் கடிதம்கூட எழுதி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

கார்த்திகை அமாவாசை. பெரியவர் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

நடு வீட்டில் கோலம் போட்டு உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை அறுத்தார். கத்தி இறங்கிய இடத்தில் சிவப்பாகச் சாறு வழிந்தது. தம்பி கும்பிட்டுக்கொண்டு கீழே விழுந்தான். என் மகன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பதினொரு வயது.

அப்புறம் அப்பாவின் குரலில் பேசினார். குரல் பொருந்தவில்லை. ஆனால் வார்த்தை பொருந்தியது. அம்மாவை அப்பா தனியாக இருக்கும்போது மட்டும் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதாள். இந்த மண்ணில் ஒரு பழைய பலிக்கடன் பாக்கி இருக்கிறது, மரமெல்லாம் கருகுவது அதனால்தான், தை அமாவாசைக்குள் நிலத்தைச் சபைக்கு ஒப்படைக்காவிட்டால் வீட்டின் ஆண் வாரிசைக் கேட்கும் என்றார். கண்ணைத் திறந்து என் மகனைப் பார்த்தார். "மகள் கையெழுத்தும் வேணும்" என்றார்.

மரம் கருகுவது உண்மை. கீழ் மட்டைகள் எல்லாம் கரி பூசியது போல இருக்கின்றன.

"போடமாட்டேன்" என்றேன். என் குரல் நடுங்கியது எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

டிசம்பர் 7, சனி

இன்று மதியம் 2 மணி இருக்கும். அம்மா இன்னமும் அப்பாவின் வேட்டியைத் துவைத்துக் காயப் போடுகிறாள். கொடியில் அந்த வேட்டியும் பக்கத்தில் என் மகனின் சட்டையும் கிடந்தன. நான் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கொடிப் பக்கம் ஆள் யாரும் இல்லை. வேட்டி மடிப்பிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது, ஊதா கலந்த ஒரு சுவாலை, அடுத்து குப்பென்று பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவதற்குள் வேட்டி போய்விட்டது. சட்டையில் ஒரு கை மிச்சம்.

தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அக்கா, ஒரு கையெழுத்துத்தானேக்கா. உம் பையனுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நிலத்த வெச்சு என்ன பண்ணுவ?" அவன் பேராசையில் கேட்கவில்லை. பயத்தில் கேட்டான். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ராத்திரி அம்மா எனக்குத் தோசை வைக்கும்போது விரல் நுனியெல்லாம் பழுப்பாக இருந்தது. என்ன என்று கேட்டேன். வாழைப்பூ உரித்த கறை என்றாள்.

டிசம்பர் 8, ஞாயிறு, இரவு

கோவைக்கு வந்துவிட்டோம். மகன் தூங்கியபின் போனில் படித்துக்கொண்டிருந்தேன். படித்திருக்கக் கூடாதோ என்னவோ.

டெல்லி புராரியில் 2018 ஜூலை 1ஆம் தேதி காலை ஒரே வீட்டில் 11 பேர் இறந்து கிடந்தார்கள். பாட்டி முதல் பதினைந்து வயதுப் பேரன்கள்வரை. வீட்டில் வருடக்கணக்காக எழுதிய நோட்டுகள் கிடைத்தன. இறந்துபோன அப்பா தன் மகன் வழியாகப் பேசி உத்தரவு போடுகிறார் என்று அந்த வீடே நம்பியிருக்கிறது. கடைசிச் சடங்கும் அந்த நோட்டில் எழுதியபடிதான். எல்லாரும் பிழைத்துவிடுவோம் என்று நம்பித்தான் செய்திருக்கிறார்கள். வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை. பக்கத்துக் கடைக்காரருக்குக்கூட எதுவும் தெரியாது.

இறந்த அப்பா, நோட்டு. கை சில்லிட்டுப் போனது.

கேரளத்தில் இலந்தூர், 2022 அக்டோபர். செல்வம் பெருக வேண்டும் என்று ஒரு தம்பதி இரண்டு பெண்களைப் பலி கொடுத்ததாக வழக்கு. அதில் ஒருவர் நம் தர்மபுரி மாவட்டத்துக்காரர், கொச்சியில் லாட்டரி விற்றுப் பிழைத்தவர். சூத்திரதாரி பொய்யான பேஸ்புக் கணக்கில் ஒரு பெண்ணாக அந்தத் தம்பதியோடு பழகி, ஒரு மகானைப் பற்றிச் சொல்லி, அப்புறம் தானே அந்த மகானாகப் போய் நின்றான் என்று போலீஸ் சொன்னது. நம்ப வைக்கவே எவ்வளவு பொறுமையாக உழைத்திருக்கிறான்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். வீடு முழுக்க அகல் வைத்தோம். வாசப்படிக்குக் கீழே மண் புதிதாகக் கிளறியது போல இருந்தது. தோண்டினேன். மஞ்சள் துணியில் சுற்றிய செப்புத் தகடு. கட்டம் கட்டமாக எழுத்து. நடுக் கட்டத்தில் என் பெயர். சான்றிதழில் இருக்கும் பெயர் இல்லை. ஆறு வயதுவரை அம்மிச்சி, அம்மாவின் அம்மா, மட்டும் என்னைக் கூப்பிட்ட பெயர். அம்மிச்சி போய் 34 வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்குக்கூட அது தெரியாது. கீழ்க் கட்டத்தில் என் மகன் பெயர், பக்கத்தில் தை அமாவாசை என்று எழுதியிருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். அவள் தகட்டைத் தொடவே இல்லை. "கையெழுத்துப் போட்டுரு கண்ணு" என்றாள்.

அகல் எல்லாம் அணைந்தபின்னும் வெளியே உட்கார்ந்திருந்தேன். நான் சாமி கும்பிடுகிறவள். மாசாணியம்மனுக்கு விரதம் இருக்கிறவள். எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குழந்தையின் பெயரைத் தகட்டில் எழுதிப் புதைப்பதற்குப் பெயர் சாமி இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

சொந்தத்தில் அண்ணி ஒருத்தர் வக்கீல். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது பேயைப் பற்றி இல்லை. "மாமா உயில் எழுதினாரா?" என்று கேட்டார்.

எழுதவில்லை. அது அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கிரயம் வாங்கிய நிலம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நான், தம்பி மூன்று பேருக்கும் சம பங்கு. அம்மா மட்டும் தானப் பத்திரம் எழுதினால் அவள் பங்குதான் போகும். முழு நிலமும் வேண்டும் என்றால் நான் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"உன் நோட்டை எடுத்துத் தேதி பாரு" என்றார். பார்த்தேன். டிசம்பர் 1 வரை வெறும் மோட்டார் சத்தம். அது அம்மாவுக்கானது. நான் மாட்டேன் என்று சொன்ன ஆறாம் நாள் தீ. பன்னிரண்டாம் நாள் தகடு. ஆவிக்கு என் கையெழுத்து எதற்கு?

தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்ப வைத்து ஒருவரை ஒரு காரியம் செய்ய வைப்பதே குற்றம்தானாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 508, இந்த ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 354. ஒரு வருடம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மிரட்டலுக்கு 351 தனியாக இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 2013லும் கர்நாடகத்தில் 2017லும் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். மகாராஷ்டிரச் சட்டத்துக்காகப் பல வருடம் போராடிய டாக்டர் நரேந்திர தபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகுதான் சட்டமே வந்தது. தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை.

"சட்டம் இருக்கட்டும், முதல்ல அத்தை வாயைத் திறக்கணும்" என்றார் அண்ணி.

டிசம்பர் 21, சனி

ஒரு கருகிய மட்டையை வெட்டிக்கொண்டு ஆழியாறு நகரில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மட்டையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். வெள்ளை வெள்ளையாகச் சுருள், மாவில் கோலம் இழுத்தது போல. சுருள் வெள்ளை ஈ. ஓலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. அதன் கழிவு தேன் மாதிரி கீழ் ஓலையில் சொட்டுகிறது. அதன்மேல் கரும் பூஞ்சணம் வளர்கிறது. அதுதான் கரி.

இந்தியாவில் இது முதன்முதலில் தெரிந்ததே 2016இல், இதே பொள்ளாச்சியில். எங்கள் தோட்டம் மட்டுமா? வழி நெடுக எல்லாத் தோப்பும் கருப்பாகத்தான் இருக்கிறது. பேருந்து ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்று மாதமாக அதைப் பார்க்காமல் எங்கள் மரத்தை மட்டும் பார்த்திருக்கிறோம்.

விஷ மருந்து அடிக்க வேண்டாம் என்றார்கள். வெள்ளை ஈயைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவி செத்துப்போகும். மைதா மாவைக் கூழாகக் காய்ச்சி லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் கரைத்து அடித்தால் கரும்படலம் காய்ந்து உதிரும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளை மரத்தில் கட்ட வேண்டும். வரும் வழியிலேயே மைதா வாங்கினேன்.

சாயந்திரம் ஒரு மரத்துக்கு அடித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்த மரத்தடியிலேயே இருட்டும்வரை நின்றாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

துவைக்கும் கல் மேல் பழுப்பாக ஒரு கறை. கொடிக்குக் கீழே இருப்பதால் தீயன்று விழுந்த சாம்பல் என்றுதான் நினைத்திருந்தேன். கல் இடுக்கில் மணல் மாதிரி இரண்டு மூன்று கருமணிகள் சிக்கியிருந்தன. தண்ணீர் பட்டதும் அதிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் கோடு கோடாக ஓடியது.

எட்டாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு ஒரு பகுத்தறிவுக் குழு வந்து செய்து காட்டியது அப்படியே கண்ணில் வந்தது. கிணற்றுக்குப் போடுகிற பெர்மாங்கனேட், அதன்மேல் கிளிசரின். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் தானாகப் புகைந்து பற்றும். வைத்த ஆள் நடந்து போய்விட அந்த நேரம் போதும். எலுமிச்சையும் அன்றைக்குப் பார்த்ததுதான். கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்திருப்பார்கள், புளிப்பு பட்டதும் சிவக்கும். இதெல்லாம் எனக்கு ஏன் மூன்று வாரமாக நினைவுக்கு வரவில்லை? பயந்த மூளைக்குப் படித்தது எதுவும் எட்டாது போலிருக்கிறது.

போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் வாழ்நாளெல்லாம் இதைத்தான் ஊர் ஊராகச் செய்து காட்டினார். 2009இல் காலமானார். அவருக்கு முன்னோடி ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவர். அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்ச ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். யாரும் வாங்கவில்லை. துணி எரிகிற வீடு, கல் விழுகிற வீடு என்று கூப்பிட்டால் கோவூர் போய் ஆவியைத் தேட மாட்டார். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுவார்.

பெர்மாங்கனேட் பட்டால் விரலில் பழுப்புக் கறை பிடிக்கும். நாலைந்து நாள் போகாது.

வாழைப்பூ அன்றைக்கு நாங்கள் சமைக்கவே இல்லை.

டிசம்பர் 28, சனி

அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடுவாள் என்று பயமாக இருக்கிறது.

அதற்குப் பதில் மோட்டார் மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து தீக்குச்சி அளவுக்கு ஒரு ஏரியல். நான் அதை மீட்டர் என்று நினைத்திருந்தேன். "இது மொபைல் ஸ்டார்ட்டருங்க அம்மணி. மாமாவுக்குப் போன வருசம் முட்டி வலின்னு நான்தான் மாட்டுனேன். உள்ளே ஒரு சிம் இருக்குதுங்க. மாமா நம்பர்ல இருந்து அதுக்கு அடிச்சா மோட்டார் ஓடும். வேற நம்பர் எடுக்காது" என்றார். அப்பா அதை நாலு நாள் உபயோகித்துவிட்டு, தண்ணீர் போவதைக் கண்ணால் பார்க்காமல் எப்படி என்று மறுபடி நடந்தே போக ஆரம்பித்துவிட்டாராம்.

அப்பா நம்பர். நவம்பர் 24 அன்று மணி அடித்த நம்பர்.

பீரோவைத் திறந்தேன். சார்ஜர் மட்டும் இருந்தது.

டிசம்பர் 30, திங்கள்

லீவு போட்டேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு சிம் கம்பெனிக் கடைக்குப் போனேன். அந்த நம்பருக்கு அக்டோபரிலும் நவம்பரிலும் இந்த மாதமும் ரீசார்ஜ் ஆகியிருக்கிறது. அப்பா இறந்தது செப்டம்பர் 14. மதியம் 12 மணிக்கு நம்பரை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

இன்று மார்கழி அமாவாசை. ராத்திரி ஓட வேண்டிய மோட்டார் ஓடவில்லை. நானும் தம்பியும் மோட்டார் ரூமில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். 3:15, 3:20, 3:40. சிள்வண்டுச் சத்தம் மட்டும். தம்பி வெள்ளைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நான் அப்பாகிட்ட வாரா வாரம் பேசிட்டு இருந்தேங்க்கா, இங்க உக்காந்து" என்றான்.

சனிக்கிழமை ராத்திரிகளில் மோட்டார் ஓடும்போது இங்கே வந்து உட்கார்ந்து, கம்பெனியில் நடந்ததையெல்லாம் சொல்வானாம். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நாய் இன்றும் 3:05க்கு எழுந்தது. கிணற்றைப் பார்த்து உட்கார்ந்தது. வாலை ஆட்டியது. இதை மட்டும் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2025 ஜனவரி 1, புதன்

அம்மா பேசினாள். நாங்கள் யாரும் கேட்கவில்லை. தம்பி அந்த வெள்ளைப் பெட்டியைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவள், உளுந்து ஆட்டிய கையோடு தரையில் உட்கார்ந்தாள்.

போனைக் கொடுத்தது அவள்தான். கடைசியாக உயிர் பேசிய பொருள், 90 நாள் பூஜையில் இருக்கட்டும் என்று கேட்டார்களாம். கருமணிப் பொட்டலத்தை வேட்டி மடிப்பில் வைத்தது அவள்தான். ஒரு சீசாவில் தீர்த்தம் கொடுத்து, அதை மேலே ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடு, பேரனைப் பிடித்திருப்பது அதோடு எரிந்துபோகும் என்று சொன்னார்களாம். தீர்த்தம் ஏன் எண்ணெய் மாதிரி கொழகொழவென்று இருந்தது என்று அவளுக்கும் தோன்றியதாம். தீப்பிடித்ததும், தன் கையால் பேரன் சட்டையைக் கொளுத்திவிட்டோம், உண்மையிலேயே ஏதோ பிடித்திருக்கிறது என்று நம்பிவிட்டாள். வெளியே சொன்னால் அதே கணம் பேரனுக்கு ஆகும் என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

"உம் பேரு, அம்மிச்சி கூப்புட்ட பேரு, அதையும் நோட்டுல நானே எழுதுனேன் சாமி. சந்தோசமா இருந்த நாள எழுதச் சொன்னாங்க. அதத்தான் எழுதுனேன்."

மூன்று மாதம் இவள் இதை ஒற்றையாகச் சுமந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, அம்மாமேல் இல்லை. அந்த 41 பக்கத்தை ஒரு ஆள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, எது எதற்கு உதவும் என்று குறித்திருப்பான் இல்லையா? அந்த ஆள்மேல்.

அம்மாவின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டேன். நகக்கண்ணில் இன்னும் மெலிதாகப் பழுப்பு இருந்தது. எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துக் கழுவினேன். போய்விட்டது.

ஜனவரி 4, சனி

அண்ணியோடு போய்ப் புகார் கொடுத்தோம். முதலில், "குடும்பத் தகராறா பேசித் தீத்துக்குங்க" என்றார்கள். அண்ணி 354ஐ எழுதிக் காட்டினார். தகடு, கருகிய சட்டைக் கை, ரீசார்ஜ் விவரம், இந்த நாட்குறிப்பின் நகல் எல்லாம் வைத்தோம். மூன்று மணி நேரம் கழித்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. அம்மா தானே பேசினாள். குரல் நடுங்கவே இல்லை.

திரும்பும் வழியில் மாசாணியம்மன் கோயிலில் இறங்கச் சொன்னாள். அங்கே அம்மன் படுத்த கோலம். அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அம்மா யாரையும் அரைக்க விடவில்லை. ஒரு கைப்பிடி வற்றல் மிளகாயைத் தானே ஆட்டுக்கல்லில் அரைத்து வழித்துப் பூசினாள். கண்ணில் நெடி ஏறி நாங்கள் மூவரும் இருமினோம்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். எங்களிடம் இப்போது மாடு இல்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வீட்டுப் பட்டிக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். மைதா அடித்த மரங்களில் கரும்படலம் அப்பளம் மாதிரி உதிர்கிறது.

போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டதும் சபை ஆட்கள் அப்பாவின் போனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். மஞ்சள் துணியில் சுற்றி, விபூதி பூசி. சபை நடந்த வீட்டில் இப்போது வாடகைக்கு என்று எழுதித் தொங்குகிறது. எந்த ஊருக்குப் போனார்கள் என்று தெரியவில்லை. அம்மாவின் நோட்டைக் கொடுக்கவில்லை. அப்படி ஒன்றே இல்லை என்கிறார்கள். எங்கேயோ ஒரு பையில் அம்மாவின் வாழ்க்கை 41 பக்கமாகக் கிடக்கிறது. அதோடு எத்தனை பேருடைய நோட்டுகளோ.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. தகட்டில் இருந்த நாள்.

மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் என் கூடவே வைத்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்தும் காலையிலிருந்து பத்துத் தடவை அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவன் தோட்டத்தில் நாயோடு ஓடிக்கொண்டிருந்தான். தம்பி ஆற்றில் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அம்மா அப்பாவுக்குப் பிடித்த பச்சைப்பயறு கடைந்தாள்.

அப்பாவின் நம்பர் போன வாரம் அம்மா பெயருக்கு மாறிவிட்டது. அந்தப் போனிலேயே போட்டுக் கொடுத்தோம். மோட்டாருக்கு எப்படி அடிப்பது என்று மகன் நாலு தடவை சொல்லிக் கொடுத்தான். அம்மா அன்றே ஓட்டிப் பார்க்கவில்லை. அமாவாசைக்குப் பார்க்கலாம் என்றாள்.

நேரமானதும் யாரும் யாரையும் எழுப்பவில்லை. எல்லோரும் விழித்தேதான் இருந்தோம். அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திண்ணையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். 3:05க்கு நாய் எழுந்து கிணற்றைப் பார்த்து உட்கார்ந்தது. அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. 3:15க்கு நம்பரை அமுக்கினாள்.

மோட்டார் ஓடியது. அம்மா டார்ச்சை வாங்கிக்கொண்டு இறங்கி, தண்ணீர் சரியாகப் போகிறதா என்று பார்க்க வாய்க்காலோடு நடந்து போனாள். நாயும் கூடப் போனது.